கார் பிறக்கும் சாலையில் பழைய கூபே தேடி...

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கூண்டு போட்ட நீளமான லாரிகள் வரிசையாக எதிரே வரும். கம்பி இடுக்கு வழியே புத்தம் புதுக் கார்களின் முகப்பு விளக்குகள் எட்டிப் பார்க்கும். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்து, இன்னும் நம்பர் பிளேட் கூட மாட்டாமல் ஊர் ஊராகப் போகிற கார்கள் அவை.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், வல்லக்கோட்டை, ஒரகடம் வரை சாலையின் இரு பக்கமும் கார் சம்பந்தப்பட்ட தொழிற்சாலைகள்தான். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் டயர், இன்னொரு பக்கம் லாரி, பைக். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஏறி இறங்குகிறார்கள். நாள் முழுக்கக் காரைத் தொட்டுக்கொண்டே இருப்பவர்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் ஆலையில் தயாராகும் கார் மேல் ஆசை வருவதில்லை. செல்போன் திரையில் வேறொரு கார் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உயரம், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. ஸ்போர்ட்ஸ் கூபே!

புதிதாக அரைக்கோடி ரூபாய்க்கு விற்ற வண்டி, பதினைந்து வயதில் ஒரு நடுத்தரப் புதுக் காரின் விலைக்குள் வந்துவிடுகிறது. விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் கணக்குப் போடத் தொடங்கும். ஒன்றை மட்டும் அந்தக் கணக்கு மறந்துவிடும். காருக்கு வயதானால் கார் விலைதான் இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. கியர்பாக்ஸும் டர்போவும் இன்றைக்கும் அரைக்கோடி ரூபாய்க் காரின் பாகங்கள்தான். போதாததற்கு, இத்தனை வயதான காருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. சேமிப்பு, சீட்டுப் பணம், வீட்டில் வைத்த நகை என்று கைக்காசுதான் போகும். தங்கை கல்யாணத்துக்கு வைத்த பணமாகவும் இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெக்கானிக் தாய்மாமாவும் ஒரகடத்தில் வேலை பார்க்கும் மருமகனும் பைக்கில் கிளம்பி, ஒரகடம் பக்கம் விற்பனைக்கு நிற்கும் ஒரு பழைய கூபேயைப் பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். போகும் வழியே அவர்களுக்குப் பாடம் எடுத்துவிடும்.

ஏரிக்கரையில் முதல் கேள்வி

முதல் பாடம் செம்பரம்பாக்கம். 2015 டிசம்பர் 1 இரவை சென்னைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் இரு கரையும் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்தன. உயரமான எஸ்.யு.வி.க்கு முழங்கால் அளவுத் தண்ணீர் என்றால், தாழ்ந்த கூபேக்கு அது சீட் வரை. அதிலும் இத்தகைய கார்கள் பெரும்பாலும் அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில், உறை போர்த்தி நிற்பவை. தண்ணீர் முதலில் இறங்குகிற இடமே அதுதான்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டமாகக் கணக்குத் தீர்த்தபின், அது ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவி, காயவைத்து, வேறு ஊரில் விற்கலாம். பாலிஷ் போட்ட வண்டியில் வெள்ளம் தெரியாது. தேடினால் தெரியும்.

சீட் பெல்ட்டை முழுக்க, அடி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். கழுவியவர் மேல்பாதியைத்தான் கழுவியிருப்பார். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். சீட்டை முன்னே தள்ளி, அடியில் உள்ள தண்டவாளத்தையும் போல்ட் தலைகளையும் பார்க்கலாம். காருக்குள் மழை பெய்யாது. அங்கே துரு இருந்தால் காரணம் கேட்க வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தாலே போதும், ஊறிய பஞ்சின் வாடை எந்த சென்ட் அடித்தாலும் போகாது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், விளக்குகளுக்குள் நீர்க்கோடு என்று இன்னும் சில அடையாளங்கள் உண்டு. பல ஐரோப்பிய கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலோ தரைவிரிப்பின் கீழோ இருக்கும். நனைந்த பெட்டி அன்றைக்கே சாகாது. ஆறு மாதம் கழித்து, புது உரிமையாளரின் கையில் சாகும்.

“வெள்ளத்துல நின்ன வண்டின்னு தெரிஞ்சா விலை குறைச்சுக் கேக்கலாமா மாமா?” என்று மருமகன் கேட்டால், மாமாவின் பதில் சுருக்கமாக இருக்கும்: “வேணாம் மாப்ள. வந்த வழியே திரும்பிடலாம்.”

இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு சத்தம்

ஹூண்டாய் இந்தியாவுக்கு 1996-ல் வந்தது. இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தபின்தான் இந்த ஊரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. ஆனால் அதற்கும் முன்பே இங்கே எஞ்சின் உறுமல் கேட்டது. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு பந்தயத் தடத்துக்கு வந்து சேர்ந்தது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தியப் பந்தயக்காரர்களில் பலர் தேர்ச்சி பெற்ற தடம்.

பந்தய வாரங்களில் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து பார்த்தால், ஒரு கார் எங்கே தேய்கிறது என்பது புரிந்துவிடும். வளைவுக்கு முன் பிரேக் டிஸ்க் காய்கிறது. வளைவில் டயரின் வெளி விளிம்பு அரைபடுகிறது. வளைவு முடிந்ததும் கிளட்சும் கியர்பாக்ஸும் அடி வாங்குகின்றன.

விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கூபேயில் தேட வேண்டியதும் இதே தேய்மானங்களைத்தான். சக்கர இடுக்கு வழியே டார்ச் அடித்தால் பிரேக் டிஸ்க் தெரியும். நீலம் பாய்ந்திருந்தாலோ, மயிரிழை விரிசல்கள் இருந்தாலோ அது கடுமையாகச் சூடாகியிருக்கிறது. டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால், ஒன்று வண்டியை அப்படி ஓட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் சஸ்பென்ஷன் கோணம் கெட்டிருக்கிறது. கூரைத் தூண்களின் அடியிலும் பின் சீட் தரையிலும் ஓட்டை அடைத்த தடம், வெல்டிங் தடம் தெரிந்தால் பாதுகாப்புக் கம்பிக்கூடு மாட்டி எடுத்த வண்டியாக இருக்கலாம். தடத்தில் ஓடியதே குற்றம் என்பதில்லை. ஒழுங்காகப் பராமரித்து, அதை மறைக்காமல் சொல்கிற உரிமையாளரிடம் வாங்குவது, “டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு” என்று சொல்கிற புரோக்கரிடம் வாங்குவதைவிட எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருப்பார்கள் போலிருக்கிறது!

கண்ணாடியும் டயரும் பேசும்

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். ராஜீவ் காந்தி நினைவிடமும் இங்கேதான். இவை இரண்டுக்கும் நடுவே, 2000-ல் தொடங்கிய செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன பெயர்ப்பலகை. கார் வாங்கப் போகிறவருக்கு அது ஒரு ஞாபகக் குறிப்பு.

காரின் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் சிறிய எழுத்தில் தயாரிப்பாளரின் முத்திரையும், ஆண்டைக் காட்டும் குறியும் இருக்கும். ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காரில் எல்லாக் கண்ணாடிகளும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். முன் கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் பயம் வேண்டாம். ஜல்லி லாரிகள் ஓடுகிற நம் சாலைகளில் கல் தெறித்து உடைவது சாதாரணம். ஒரு பக்கக் கதவுக் கண்ணாடியும் அதே பக்கத்துப் பின் கண்ணாடியும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. கதவு ரப்பரை மெல்ல உரித்து, உள்ளே உள்ள ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பார்க்கலாம். ஆலை ரோபோ வைத்த புள்ளிகள் சீராக, ஒரே இடைவெளியில் இருக்கும். டிங்கரிங் பட்டறையில் வைத்தவை அப்படி இருக்காது. ஆலையில் வேலை பார்க்கும் பையனுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டி பார்த்து மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊர்ப் பழைய வித்தை. ஸ்போர்ட்ஸ் கூபேயில் அது ஏமாற்றும். நிசான் 370 இசட் காரின் பானெட்டும் கதவுகளும் அலுமினியம். இரண்டாம் தலைமுறை ஆடி டிடி-யின் உடலிலும் பெரும்பகுதி அலுமினியம்தான். அங்கே காந்தம் ஒட்டவே ஒட்டாது. அலுமினியத்திலும் அளக்கக்கூடிய பெயிண்ட் மீட்டர்தான் வேண்டும். ஆலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் தடிமன் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் 500, 600 என்று காட்டினால் கீழே பட்டி இருக்கிறது.

ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 1419 என்றால் 2019-ம் ஆண்டின் பதினான்காவது வாரம். “டயர் புதுசு சார், நூல் கூடத் தேயல” என்று காட்டப்படும் டயர் ஒன்பது வயதானதாக இருக்கலாம். ஓடாத காரில் டயர் தேயாது, ஆனால் ரப்பர் கல்லாகிவிடும். மழையில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். கூபேக்களில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவில் டயர் வருவதும் உண்டு. நான்கும் மாற்ற என்ன செலவு என்று கடையில் கேட்டுவிட்டு விலை பேச உட்காருவது நல்லது.

இங்கே ஒரு மயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். “பதினைந்து வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்தான்” என்ற வாசகம் பலரை வீழ்த்திவிடுகிறது. முதலில் அந்த எண் உண்மையா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தோல் வழவழத்து, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் ஏறும் பக்க விளிம்பு நைந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். பல கார்களில் கிலோமீட்டர் கணக்கு வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். நல்ல ஸ்கேனர் அதைக் காட்டிவிடும். எண் உண்மையாகவே இருந்தாலும் அது நற்சான்று ஆகாது. நின்றே கிடந்த எஞ்சினில் ஆயில் சீல்கள் காய்ந்து போகும். டைமிங் பெல்ட் உள்ள காரில் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆண்டுக் கணக்குப்படி பெல்ட் மாற்றியே தீர வேண்டும். ஓடும்போது அறுந்தால், பெரும்பாலான எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய பெட்ரோல் குழாய்களுக்கு இன்னொரு சோதனை, இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதை மனதில் வைத்துச் செய்த குழாய்களும் ரப்பர்களும் அந்தக் கால கார்களில் பெரும்பாலும் இல்லை. டேங்கிலிருந்து எஞ்சின் வரை ஒருமுறை மாற்றிவிடும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரகடம் சந்திப்பு

சிங்கபெருமாள்கோவில் சாலையில் திரும்பினால் வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகனைப் பார்க்கக் கிருத்திகை நாட்களில் கூட்டம் நெரியும். புது வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிற வேலை, வாங்கிய பிறகு. இப்போதைக்குக் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு மாமாவும் மருமகனும் நகர்கிறார்கள்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-ல் திறந்த ஆலை இங்கே. டைம்லரின் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் தயாராவது இந்தப் பகுதியில்தான். நிசான் தன் 370 இசட் கூபேயைச் சில காலம் இந்தியாவில் இறக்குமதி செய்து விற்றது. ஆனால் ஒரகடத்தில் தயாரானது மைக்ரா போன்ற குடும்பக் கார்கள்தான். அதனால், ஆலை பக்கத்திலேயே இருந்தாலும் கூபேயின் கிளட்சுக்கு வெளிநாட்டிலிருந்து பார்சல் வரக் காத்திருக்க வேண்டும். இத்தனை லட்சம் கார்கள் பிறந்த வட்டாரத்தில் கூபே என்று ஒன்று பிறக்கவே இல்லை.

ஓரளவு நெருங்கி வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1960-களில் தயாரானது. முதலில் இரண்டு கதவுகளோடு வந்து, பிறகு இந்தியாவுக்கென்றே நான்கு கதவானது. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் தூக்கித் திறக்கும் அந்தக் காரை இன்றும் காதலிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் முதலில் பார்ப்பது அடிச்சட்டத்தின் பக்கக் கைகளை. துரு அங்கேதான் குடியிருக்கும்.

கம்பெனி ஊரை விட்டுப் போய்விட்டால் பாகங்களின் கதி என்ன என்பதற்கும் இந்த வட்டாரமே சாட்சி. ஃபோர்டு 2021-ல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; மறைமலைநகர் ஆலை 2022-ல் நின்றது. திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் தயாரிப்பும் நின்றுவிட்டது. கூபே வாங்குமுன், அதன் சாதாரணப் பாகங்கள் நான்கின் பெயரைச் சொல்லி விலையும் வந்து சேரும் நாளும் கேட்டுவிட்டால், கனவு எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. காரை மோதவிட்டுச் சோதிக்கிற கூடம் அங்கே உண்டு. பழைய கூபேயில் ஏர்பேக் விளக்கைக் கவனிக்காமல் விடக்கூடாது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம். டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் அதன் உள் மருந்து கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் தெறித்தன. சென்னையைவிட வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர் எது? சேஸிஸ் நம்பரைக் கம்பெனியிடம் கொடுத்து, திரும்ப அழைத்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிட வேண்டும்.

காகிதங்களில்தான் பெரிய பணம் ஒளிந்திருக்கிறது. தனியார் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாதாரணக் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. இருபது வயதைத் தாண்டினால் 10,000, இறக்குமதி என்றால் 80,000. பதினாலரை வயதான கூபே ஏன் திடீரென்று மலிவாக விற்பனைக்கு வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். டெல்லிப் பதிவு வண்டியும் மலிவாக வரும். அங்கே 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கும் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் கார்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. புதுச்சேரி நம்பரும் கூபேக்களில் சகஜம். இவற்றைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினால் இங்கே தனியாக வரி கட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரின் டிஎன் 87 கிடைக்குமுன் அந்தத் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடலாம். ஹைப்போதிகேஷன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி. வேண்டும். டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் அவருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும் என்பது விதி.

வெளிநாட்டுக் கார் என்றால் சுங்க வரி கட்டிய ஆவணத்தையும் பார்த்தாக வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தியது, பூடான் வழியாக வரி கட்டாமல் வந்த கார்களைத் தேடித்தான். அப்படிப்பட்ட கார் சிக்கினால் போவது, இப்போது அதை வைத்திருப்பவரின் பணம்.

மாமாவும் மருமகனும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். சிவப்பு நிறக் கூபே, வீட்டு வாசல் வேப்பமர நிழலில். மருமகனுக்குக் கண் விரிகிறது. கண்ணாடி முத்திரைகள் ஒத்துப்போகின்றன. சீட் பெல்ட் சுத்தம். ஸ்கேனரைச் சொருகினால் கோளாறுக் குறியீடு ஒன்று கூட இல்லை. ஆனால், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலில் பாதி ‘முடியவில்லை’ என்று காட்டுகிறது. பழைய குறியீடுகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு அடையாளம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும்.

மாமா ஒன்றும் பேசாமல் பானெட் மேல் உள்ளங்கையை வைக்கிறார். சுடுகிறது.

“காலைல வண்டி எடுத்தீங்களா சார்?”

“இல்லீங்க, சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். நீங்க வர்றீங்கன்னு...”

ஆறிக் கிடக்கும் எஞ்சினை முதல் தடவை கிளப்பும்போதுதான் டைமிங் செயினின் கிலுகிலுப்பும், புகைபோக்கியின் நீலப் புகையும் வெளியே வரும். சூடாக்கி வைத்துவிட்டால் இரண்டும் தூங்கிவிடும். அந்த எஞ்சின் முழுக்க ஆறுவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

மருமகன் சட்டைப் பையில் அட்வான்ஸுக்கு வைத்த கவரைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். மாமா பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

“அடுத்த ஞாயிறு வருவோம் மாப்ள. ஆறு மணிக்கு. போன் பண்ணாம.”